வ.உ.சிதம்பரனார்: தீவாந்தர தண்டனைக்கு ஆளான தொழிற்சங்க முன்னோடி

ஸ்ரீ விஜயபுரம்: அந்தமான் செல்லுலார் சிறையைப் பார்வையிட வரும் தமிழகப் பயணிகளில், வ.உ.சிதம்பரனார் அடைக்கப்பட்டிருந்த அறை எது என்று தேடுவோர் உண்டு. செக்கிழுத்த செம்மல் என்ற பெயரும், சிறையின் காட்சிக் கூடத்தில் வைக்கப்பட்டுள்ள எண்ணெய்ச் செக்கும் அந்தத் தேடலுக்குக் காரணமாகின்றன. ஆனால் வ.உ.சி. அந்தமான் மண்ணில் கால் வைத்தவர் அல்லர். 1908ஆம் ஆண்டு அவருக்கு விதிக்கப்பட்டது கடல் கடத்தும் தண்டனை. எனினும் அவர் செக்கிழுத்தது கோயம்புத்தூர்ச் சிறையில். தண்டனைக் காலத்தின் பிற்பகுதியைக் கழித்தது கண்ணூர்ச் சிறையில்.

இரண்டு ஆயுள் தண்டனைகளை விதிக்கும் அளவுக்குச் சென்ற அந்த வழக்கின் பின்னணியைப் பார்த்தால், கப்பல் நிறுவனத்துக்கு இணையாக ஒரு பஞ்சாலை வேலைநிறுத்தமும் நிற்கிறது. கப்பலோட்டிய தமிழன் என்று பரவலாக அறியப்படும் வ.உ.சி., இந்தியாவில் தொழிற்சங்கச் சட்டம் பிறப்பதற்கு 18 ஆண்டுகளுக்கு முன்பே ஆலைத் தொழிலாளர்களை ஒன்றுதிரட்டி, கூலி உயர்வையும் வார விடுமுறையையும் பெற்றுத் தந்தவர். அவரது வாழ்க்கையின் இந்தப் பக்கத்தை விளக்குவதே இத்தொகுப்பு.

ஒட்டப்பிடாரத்து வழக்கறிஞர்

வள்ளிநாயகம் உலகநாதன் சிதம்பரம் பிள்ளை 1872 செப்டம்பர் 5 அன்று அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தை உலகநாத பிள்ளை வழக்கறிஞர். தாய் பரமாயி அம்மாள். சிறிது காலம் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றிய சிதம்பரம், பின்னர் திருச்சிராப்பள்ளியில் சட்டம் பயின்று, 1894இல் பிளீடர் தேர்வில் வெற்றி பெற்றார். அடுத்த ஆண்டு சொந்த ஊரிலேயே தொழிலைத் தொடங்கினார்.

தொடக்கம் முதலே அவர் ஏழைகளின் வழக்குகளை ஏற்று நடத்தினார். காவல் துறையினர் தொடுத்த வழக்குகளில் எதிர்த்தரப்புக்காக வாதாடி வென்றதால் உள்ளூர் அதிகாரிகளின் பகையைத் தேடிக்கொண்டார். மகனுக்குத் தீங்கு நேரக்கூடும் என்று அஞ்சிய தந்தை, 1900ஆம் ஆண்டு அவரைத் தூத்துக்குடிக்கு அனுப்பி வைத்தார். வட்டார நீதிமன்றத்தில் தொழில் நடத்திக்கொண்டிருந்த ஓர் இளைஞரைத் துறைமுக நகரின் வணிகர்கள், படகோட்டிகள், ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோரிடம் கொண்டு சேர்த்தது இந்த இடமாற்றமே.

கப்பலும் சுதேசியமும்

1905ஆம் ஆண்டு வங்காளப் பிரிவினையைத் தொடர்ந்து சுதேசி இயக்கம் நாடெங்கும் பரவியது. அந்நியத் துணிகளை மறுப்பதும் உள்நாட்டுப் பொருள்களை வாங்குவதுமே பல நகரங்களில் அதன் செயல்திட்டமாக இருந்தது. தூத்துக்குடியில் அது வேறொரு வடிவம் எடுத்தது. அந்நகருக்கும் கொழும்புக்கும் இடையிலான கப்பல் போக்குவரத்து பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்தின் ஆதிக்கத்தில் இருந்தது. அதற்குப் போட்டியாக, 1906 அக்டோபர் 16 அன்று சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றின் விலை 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் தலைவராகவும், வ.உ.சி. துணைச் செயலாளராகவும் பொறுப்பேற்றனர். எஸ்.எஸ். காலியா, எஸ்.எஸ். லாவோ என்ற இரு கப்பல்கள் வாங்கப்பட்டன.

போட்டி நிறுவனம் கட்டணத்தைக் குறைத்தது. ஒரு கட்டத்தில் பயணிகளை இலவசமாக ஏற்றிச் செல்லவும் முன்வந்தது. அதிகாரிகளின் ஆதரவும் அந்த நிறுவனத்துக்கே இருந்தது. இந்தப் போட்டியின் கதை தமிழ் வாசகர்கள் நன்கு அறிந்தது.

அதே காலத்தில் வ.உ.சி. உருவாக்கிய பிற அமைப்புகள் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. தரும சங்க நெசவுச் சாலை, சுதேசிப் பண்டகசாலை, தூத்துக்குடிக் கைத்தொழில் சங்கம் ஆகியவை அவற்றில் சில. உற்பத்தி, விற்பனை, போக்குவரத்து ஆகிய மூன்றும் உள்நாட்டவர் கையில் இருக்க வேண்டும் என்பது அவரது கருத்து. அந்த வரிசையில் உழைப்பவரின் இடம் என்ன என்ற கேள்விக்கு 1908ஆம் ஆண்டு பிப்ரவரியில் விடை கிடைத்தது.

கோரல் ஆலை

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஹார்வி சகோதரர்களின் ஏ அண்ட் எஃப் ஹார்வி நிறுவனம், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென் தமிழகத்தில் மூன்று பெரிய பஞ்சாலைகளை நிர்வகித்து வந்தது. ஒன்று தாமிரபரணியின் நீர்விசையை நம்பிப் பாபநாசத்தில் நிறுவப்பட்டது, மற்றொன்று மதுரையில், மூன்றாவது தூத்துக்குடி கோரல் ஆலை. கரிசல் நிலத்தின் பருத்தி, துறைமுகம், குறைந்த கூலிக்குக் கிடைத்த ஆட்கள் ஆகியவை இந்த ஆலைகளின் ஆதாரங்களாக விளங்கின.

கோரல் ஆலையில் ஆண்களுடன் பெண்களும் சிறுவர்களும் வேலை செய்தனர். விடியும் முன் தொடங்கும் வேலை இருட்டிய பிறகே முடிந்தது. முறையான வார விடுமுறை இல்லை. அன்று நடைமுறையில் இருந்த 1891ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், பெண்களின் வேலை நேரத்தை நாளொன்றுக்கு 11 மணியாகவும் சிறுவர்களின் வேலை நேரத்தை 7 மணியாகவும் வரையறுத்திருந்தது. வளர்ந்த ஆண் தொழிலாளர்களின் வேலை நேரத்துக்கு அச்சட்டத்தில் வரம்பே கிடையாது. பஞ்சாலைகளில் ஆண்களின் வேலை நேரம் 12 மணிக்கு மேல் போகக் கூடாது என்ற விதி 1911ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது.

1908 பிப்ரவரித் தொடக்கத்தில், வத்தலகுண்டைச் சேர்ந்த இளம் சொற்பொழிவாளர் சுப்பிரமணிய சிவா தூத்துக்குடிக்கு வந்தார். மாலை நேரங்களில் நடந்த பொதுக்கூட்டங்களில் அவரும் வ.உ.சி.யும் சுதேசியம் குறித்துப் பேசினர். வேலை முடிந்து திரும்பும் ஆலைத் தொழிலாளர்கள் பெரும் எண்ணிக்கையில் கூடினர். அந்நிய ஆட்சி, அந்நிய ஆலை, குறைந்த கூலி ஆகிய மூன்றையும் ஒரே தொடராக இணைத்துக் காட்டியது அந்த உரைகளின் தனித்தன்மை.

பிப்ரவரி 27 அன்று காலை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் ஆலைக்குள் செல்ல மறுத்தனர். கூலி உயர்வு, வார விடுமுறை, பிற விடுப்பு வசதிகள் ஆகியவை அவர்களது கோரிக்கைகள்.

நகரம் நடத்திய வேலைநிறுத்தம்

தொழிற்சங்கம் என்ற அமைப்போ, வேலைநிறுத்த நிதியோ இல்லாத காலம் அது. அன்றாடக் கூலியை நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்கு உணவளிக்கும் பொறுப்பை வ.உ.சி.யும் அவரது நண்பர்களும் ஏற்றனர். வணிகர்களிடமும் வழக்கறிஞர்களிடமும் நன்கொடை திரட்டப்பட்டது. தொழிலாளர்களில் பலருக்கு நகரில் மாற்று வேலை தேடித் தரப்பட்டது.

வேலைநிறுத்தம் ஆலையின் வாயிலோடு நின்றுவிடவில்லை. சுதேசிகளை எதிர்த்துப் பேசிய ஒரு வழக்கறிஞருக்குச் சவரம் செய்துகொண்டிருந்த தொழிலாளி, விஷயம் தெரிந்ததும் பாதியிலேயே எழுந்து சென்றுவிட்டார் என்ற செய்தி அந்நாளைய நிகழ்வுகளில் இன்றும் நினைவுகூரப்படுகிறது. சலவைத் தொழிலாளர்களும் இத்தகையவர்களுக்கு வேலை செய்ய மறுத்தனர்.

மாவட்ட நிர்வாகம் கூடுதல் காவலர்களை வரவழைத்தது. கூட்டங்களுக்குத் தடை விதித்தது. தொழிலாளர்கள் பணியவில்லை. ஒன்பது நாட்களில் ஆலை நிர்வாகம் இறங்கி வந்தது. கூலியை உயர்த்தவும், வேலை நேரத்தைக் குறைக்கவும், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை அளிக்கவும் ஒப்புக்கொண்டது. மார்ச் மாதத்தின் முதல் வாரம் முடியும் தறுவாயில் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பினர்.

இந்த வெற்றியின் எதிரொலி கல்கத்தா வரை கேட்டது. அரவிந்தர் ஆசிரியராக இருந்த 'வந்தே மாதரம்' இதழ், மார்ச் மாதத்தில் தூத்துக்குடி நிகழ்வுகளைப் பாராட்டி எழுதியது. படித்தவர்களுக்கும் உழைப்பவர்களுக்கும் இடையே ஏற்பட்ட இணைப்பே அந்த இதழின் கவனத்தை ஈர்த்தது. சென்னையில் சுப்பிரமணிய பாரதியின் 'இந்தியா' இதழும் செய்திகளைத் தொடர்ந்து வெளியிட்டது.

இந்தியாவில் தொழிலாளர் கோரிக்கைகள் இதற்கு முன்பே எழுந்ததுண்டு. பம்பாயில் நாராயண் மேகாஜி லோகாண்டேயின் முயற்சியால் 1890இல் ஆலைத் தொழிலாளர்களுக்கு வார விடுமுறை கிடைத்தது. தூத்துக்குடியின் புதுமை, பொருளாதாரக் கோரிக்கையும் அரசியல் இயக்கமும் ஒரே மேடையில் நின்றதில் இருந்தது.

கைதும் எழுச்சியும்

ஆலைப் போராட்டம் முடிந்த சில நாட்களில், விபின் சந்திர பாலின் சிறை விடுதலையைக் கொண்டாட ஏற்பாடுகள் நடந்தன. மார்ச் 9 அன்று தடையை மீறித் தூத்துக்குடியில் ஊர்வலமும் கூட்டமும் நடைபெற்றன. மாவட்ட ஆட்சியர் விஞ்ச் திருநெல்வேலிக்கு வருமாறு அழைத்தார். மார்ச் 12 அன்று வ.உ.சி., சுப்பிரமணிய சிவா, பத்மநாப ஐயங்கார் ஆகிய மூவரும் கைது செய்யப்பட்டனர்.

மறுநாள் திருநெல்வேலியில் கடைகள் அடைக்கப்பட்டன. மாணவர்களும் பொதுமக்களும் வீதிகளில் திரண்டனர். நகராட்சி அலுவலகம், அஞ்சல் நிலையம், காவல் நிலையம் ஆகியவை தாக்கப்பட்டுத் தீ வைக்கப்பட்டன. காவல் துறையினர் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் உயிரிழந்தனர். வரலாற்று நூல்கள் இந்நிகழ்வைத் திருநெல்வேலி எழுச்சி என்று குறிப்பிடுகின்றன.

தூத்துக்குடியில் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் மீண்டும் வேலையை நிறுத்தினர். இம்முறை கூலிக் கோரிக்கை எதுவும் இல்லை. தங்கள் தலைவரின் கைதைக் கண்டித்தே அவர்கள் வெளியேறினர். நகரின் பிற தொழிலாளர்களும் அவர்களுடன் இணைந்தனர். பாலகங்காதர திலகருக்குத் தண்டனை விதிக்கப்பட்டதைக் கண்டித்துப் பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் ஆறு நாட்கள் நடத்திய புகழ்பெற்ற வேலைநிறுத்தம் அதே ஆண்டு ஜூலையில் நிகழ்ந்தது. தூத்துக்குடித் தொழிலாளர்கள் அதற்கு நான்கு மாதங்கள் முன்னதாகவே அரசியல் காரணத்துக்காக ஆலையை விட்டு வெளியேறினர் என்பது குறிப்பிடத்தக்கது.

எழுச்சிக்குப் பின் இரு நகரங்களிலும் தண்டக் காவல் படை நிறுத்தப்பட்டது. அதற்கான செலவு பொதுமக்களிடம் வரியாக வசூலிக்கப்பட்டது.

இரண்டு ஆயுள் தண்டனைகள்

இந்திய தண்டனைச் சட்டத்தின் 124அ பிரிவின் கீழ், அரச நிந்தனைக் குற்றச்சாட்டில் வழக்கு நடந்தது. கூட்டங்களில் ஆற்றிய உரைகளே முதன்மைச் சான்றுகள். அந்த உரைகளின் பெரும்பகுதி ஆலைத் தொழிலாளர்கள் நிறைந்த கூட்டங்களில் நிகழ்த்தப்பட்டவை.

கூடுதல் செஷன்ஸ் நீதிபதி ஏ.எஃப்.பின்ஹே 1908 ஜூலை 7 அன்று தீர்ப்பளித்தார். அரச நிந்தனைக்காக ஓர் ஆயுள் தண்டனையும், சிவாவுக்கு ஆதரவளித்து உடந்தையாக இருந்ததற்காக மற்றோர் ஆயுள் தண்டனையும் வ.உ.சி.க்கு விதிக்கப்பட்டன. இரண்டும் நாடு கடத்தும் தண்டனைகள். சிவாவுக்குப் பத்து ஆண்டுகள் விதிக்கப்பட்டன. அப்போது வ.உ.சி.க்கு வயது 35. தீர்ப்பைக் கேட்ட அதிர்ச்சியில் அவரது தம்பி மீனாட்சிசுந்தரம் மனநலம் குன்றினார்; அதிலிருந்து அவர் மீளவே இல்லை. மேல்முறையீடுகளுக்குப் பிறகு வ.உ.சி.யின் தண்டனை ஆறு ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது.

இதே காலத்தில் பிரிட்டனில் நிலைமை வேறாக இருந்தது. 1906 பொதுத் தேர்தலுக்குப் பிறகு அந்நாட்டில் தொழிலாளர் கட்சி அப்பெயரிலேயே நாடாளுமன்றத்தில் அமர்ந்தது. வேலைநிறுத்தத்தால் ஏற்படும் இழப்புக்குத் தொழிற்சங்கங்களின் நிதியிலிருந்து ஈடு கேட்பதைத் தடுக்கும் தொழில் தகராறுச் சட்டம் அதே ஆண்டு நிறைவேறியது. அக்கட்சியின் முன்னணித் தலைவர் கீர் ஹார்டி 1907இல் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்து, ஆட்சிமுறையை விமர்சித்துப் பேசினார். தலைநகரில் சட்டப் பாதுகாப்புப் பெற்ற ஓர் உரிமையைக் குடியேற்ற நாட்டில் பயன்படுத்தியவர்கள் சிறைக்குச் சென்றனர்.

தீவாந்தரம் என்றால் அந்தமான்

நாடு கடத்தும் தண்டனையை அன்றைய தமிழில் தீவாந்தர சிட்சை என்றனர். அச்சொல்லைக் கேட்டதும் மக்கள் மனதில் எழுந்தது அந்தமான். 1857 பெருங்கிளர்ச்சிக்குப் பின், 1858 மார்ச்சில் முதல் தொகுதிக் கைதிகள் இத்தீவுகளில் இறக்கப்பட்டனர். அதன் பிறகு ஆயிரக்கணக்கானோர் கொண்டு வரப்பட்டனர். காடழித்தல், சாலையமைத்தல், கட்டுமானம், மர அறுவை என அனைத்துப் பணிகளும் கைதிகளின் உழைப்பால் நடந்தன. 1883இல் தொடங்கப்பட்ட சாத்தம் மர அறுவை ஆலையும் அந்தக் காலத்தைச் சேர்ந்ததே. செல்லுலார் சிறையைக் கட்டியவர்களும் கைதிகளே. 1896இல் தொடங்கிய கட்டுமானம் 1906இல் நிறைவடைந்தது. நடுக் கோபுரத்திலிருந்து பிரியும் ஏழு கிளைகளில், எழுநூறுக்குச் சற்றுக் குறைவான தனியறைகள் அமைக்கப்பட்டன.

வ.உ.சி.க்குத் தீர்ப்பு வந்தபோது சிறை கட்டி முடிக்கப்பட்டு இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. சுதேசி காலத்தின் அரசியல் கைதிகள் அங்கு முதன்முதலில் கொண்டு வரப்பட்டது 1909ஆம் ஆண்டின் இறுதியில்தான். அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் தண்டனை பெற்ற பரீந்திர குமார் கோஷ், உல்லாஸ்கர் தத் உள்ளிட்டோர் அந்தத் தொகுதியில் இருந்தனர். வ.உ.சி.யோ 1908 ஜூலை மாதத்திலேயே கோயம்புத்தூர்ச் சிறைக்குக் கொண்டு செல்லப்பட்டு, அங்கேயே வைக்கப்பட்டார்.

இடம் வேறானாலும் தண்டனையின் தன்மை ஒன்றாகவே இருந்தது. செல்லுலார் சிறையில் கைதி ஒருவர் நாளொன்றுக்கு 30 பவுண்டு, அதாவது ஏறத்தாழ பதின்மூன்றரை கிலோ தேங்காய் எண்ணெய் ஆட்டித் தர வேண்டும் என்ற அளவு இருந்தது. கோயம்புத்தூரில் மாடுகள் இழுக்க வேண்டிய செக்கில் வ.உ.சி. பூட்டப்பட்டார். இரண்டு சிறைகளிலும் அரசியல் கைதி என்ற தனிப் பிரிவு கிடையாது. கல்வியறிவு பெற்றவரும் கொலைக் குற்றவாளியும் ஒரே உடல் உழைப்புக்கு உட்படுத்தப்பட்டனர். கூலியும் ஓய்வும் கேட்டுப் போராடியவரைக் கூலியற்ற கடும் உழைப்பில் தள்ளிய தண்டனை அது.

1910 டிசம்பரில் கண்ணூர்ச் சிறைக்கு மாற்றப்பட்ட அவர், அங்குப் படிப்பிலும் எழுத்திலும் ஈடுபட்டார். ஆங்கில எழுத்தாளர் ஜேம்ஸ் ஆலனின் நூல்களைத் தமிழாக்கினார். 'மெய்யறிவு', 'மெய்யறம்' ஆகிய நூல்களை இயற்றினார். தன் வரலாற்றைச் செய்யுள் வடிவில் எழுதினார்.

அவர் சிறையில் இருந்தபோதே வெளியில் நிகழ்வுகள் வேகமாக நகர்ந்தன. 1911இல் கப்பல் நிறுவனம் கலைக்கப்பட்டது. எந்த நிறுவனத்தை எதிர்த்துக் கப்பல் வாங்கப்பட்டதோ, அதனிடமே அது விற்கப்பட்டது. அதே ஆண்டு ஜூன் 17 அன்று, தூத்துக்குடி நிகழ்வுகளில் முக்கியப் பங்கு வகித்த அதிகாரி ராபர்ட் ஆஷ் மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதனால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

விடுதலைக்குப் பிறகு

1912 டிசம்பரில் வ.உ.சி. விடுதலையானார். நான்கரை ஆண்டுகளுக்கு முன் திருநெல்வேலியில் அவருக்காகக் கூடிய கூட்டம் சிறை வாயிலில் இல்லை. வழக்கறிஞர் உரிமம் பறிக்கப்பட்டிருந்தது. சொத்துகள் கரைந்திருந்தன. மனைவி மீனாட்சி அம்மாளுடனும் குழந்தைகளுடனும் சென்னையில் குடியேறிய அவர், சிறு வணிகம் செய்து பிழைக்க முயன்றார்.

தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த தமிழர்கள் அவருக்காகத் திரட்டிய பணம் காந்தியிடம் இருந்தது. அதைப் பெறுவது தொடர்பாக இருவருக்கும் இடையே நீண்ட கடிதப் போக்குவரத்து நடந்தது. 347 ரூபாய் 12 அணா கொண்ட அத்தொகை 1916இல் அவரை வந்தடைந்தது. பத்து லட்சம் ரூபாய் மூலதனத்தில் நிறுவனம் தொடங்கியவருக்கு அன்று அந்தத் தொகையே பெரிதாக இருந்தது.

வறுமையிலும் தொழிலாளர் இயக்கத்துடனான தொடர்பை அவர் விடவில்லை. 1918 ஏப்ரல் 27 அன்று, பி.பி.வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. திரு.வி.கலியாணசுந்தரனாரும் அதில் முன்னின்றார். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களுள் ஒன்றாக அது கருதப்படுகிறது. அந்த எழுச்சிக் காலத்தில் வ.உ.சி.யும் சென்னையிலும், பின்னர் கோயம்புத்தூரிலும் தொழிலாளர் அமைப்புப் பணிகளில் பங்கேற்றார். பத்தாண்டுகளுக்கு முன் தூத்துக்குடியில் அமைப்பு ஏதுமின்றி நடந்த போராட்டத்துக்கு இப்போது சங்கம், சந்தா, பொறுப்பாளர்கள் என்ற வடிவம் கிடைத்திருந்தது.

சட்டப் பாதுகாப்பு உடனே வந்துவிடவில்லை. சென்னை பின்னி ஆலைத் தகராறில், தொழிலாளர்களைத் தூண்டியதாக வாடியா மீது நிர்வாகம் வழக்குத் தொடுத்து உயர் நீதிமன்றத்தில் தடையாணை பெற்றது. இத்தகைய வழக்குகள் எழுப்பிய கேள்விக்கு விடையாகவே 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. இடையில், 1920 அக்டோபர் 31 அன்று லாலா லஜபதி ராயின் தலைமையில் அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் பம்பாயில் உருவானது. 1923 மே 1 அன்று ம.சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடினார்.

1920ஆம் ஆண்டு கல்கத்தாவில் கூடிய காங்கிரஸ் சிறப்பு மாநாட்டில் கலந்துகொண்ட வ.உ.சி.க்கு ஒத்துழையாமைத் திட்டம் ஏற்புடையதாக இல்லை. அதன் பின் கட்சியிலிருந்து விலகினார். 1927இல் மீண்டும் இணைந்து சேலத்தில் நடந்த அரசியல் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். எனினும் அந்த உறவு நீடிக்கவில்லை.

நீதிபதி வாலஸின் உதவியால் வழக்கறிஞர் உரிமம் அவருக்குத் திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியை மறவாமல் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் தொழில் நடத்தினார். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையைப் பதிப்பித்தார். திருக்குறளின் அறத்துப்பாலுக்கு உரை எழுதினார். 1936 நவம்பர் 18 அன்று தூத்துக்குடியில் காலமானார். அவரது விருப்பப்படி, இறுதி நேரத்தில் அந்நகரின் காங்கிரஸ் அலுவலகத்துக்கு அவர் கொண்டு செல்லப்பட்டிருந்தார்.

தீவில் தொடர்ந்த இழை

வ.உ.சி. மறைந்த காலத்தில் அந்தமான் சிறையில் வேறொரு தலைமுறை இருந்தது. 1930களில் வங்காளம், பஞ்சாப் முதலிய மாகாணங்களிலிருந்து புரட்சியாளர்கள் பெரும் எண்ணிக்கையில் கொண்டு வரப்பட்டனர். 1933இல் நடந்த உண்ணாவிரதத்தின்போது மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மொய்த்ரா ஆகிய மூவர் உயிரிழந்தனர். அதன் பின் நூல்களும் இதழ்களும் அனுமதிக்கப்பட, சிறை ஒரு கல்விக்கூடமாக மாறியது. 1935இல் கைதிகள் சிலர் கம்யூனிஸ்ட் ஒருங்கிணைப்புக் குழுவை உருவாக்கினர். 1937இல் நடந்த மற்றோர் உண்ணாவிரதத்துக்குப் பிறகு அரசியல் கைதிகள் தாய்நிலத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர்.

அவர்களில் பலர் பின்னாளில் தொழிற்சங்கங்களிலும் விவசாயிகள் சங்கங்களிலும் பணியாற்றினர். வங்க விவசாயிகள் இயக்கத்தின் தலைவராகவும், மேற்கு வங்க அமைச்சராகவும் விளங்கிய ஹரேகிருஷ்ண கோனார் அவர்களுள் ஒருவர். சிட்டகாங் படைக்கலக் கிடங்குத் தாக்குதல் வழக்கில் தண்டனை பெற்ற கணேஷ் கோஷ், விடுதலைக்குப் பின் நாடாளுமன்ற உறுப்பினரானார். உழைக்கும் மக்களைச் சேர்க்காமல் அரசியல் விடுதலை முழுமையடையாது என்ற முடிவுக்கு அவர்கள் சிறைப் படிப்பின் வழியே வந்தனர். அந்த முடிவை 1908ஆம் ஆண்டின் தூத்துக்குடி ஒன்பது நாட்களில் செயலில் காட்டியிருந்தது.

இன்று அந்தமான் நிக்கோபார் தீவுகளில் தமிழ் பேசுவோர் கணிசமாக வாழ்கின்றனர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வங்காளம், இந்தி ஆகியவற்றுக்கு அடுத்த இடத்தில், மக்கள்தொகையில் ஏறத்தாழ 15 சதவீதத்தினரின் தாய்மொழியாகத் தமிழ் உள்ளது. கட்டுமானப் பணிக்கும் துறைமுகப் பணிக்கும் வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்களில் உண்டு. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட மலையகத் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களும் உண்டு. வார விடுமுறையும் வரையறுக்கப்பட்ட வேலை நேரமும் அவர்களுக்கு இன்று சட்டப்படியான உரிமைகள். அந்த உரிமைகளைக் கேட்டதற்காகத் தமிழ் மண்ணில் ஒருவருக்கு விதிக்கப்பட்ட தண்டனையின் பெயரில் அவர்கள் வாழும் தீவுகள் இருந்தன.

நினைவுகள்

பி.ஆர்.பந்துலு இயக்கத்தில் சிவாஜி கணேசன் நடித்த 'கப்பலோட்டிய தமிழன்' திரைப்படம் 1961இல் வெளியாகி, வ.உ.சி.யின் வாழ்க்கையைப் புதிய தலைமுறையிடம் கொண்டு சேர்த்தது. பிறந்த நூற்றாண்டையொட்டி 1972இல் இந்திய அஞ்சல் துறை அவரது அஞ்சல் தலையை வெளியிட்டது. ஒட்டப்பிடாரத்தில் அவர் பிறந்த இல்லம் நினைவிடமாகப் பராமரிக்கப்படுகிறது. தூத்துக்குடித் துறைமுகம் 2011 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. செல்லுலார் சிறை 1979 பிப்ரவரி 11 அன்று தேசிய நினைவுச் சின்னமாக நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

முக்கிய நாட்கள்

1872 செப்டம்பர் 5: ஒட்டப்பிடாரத்தில் பிறப்பு.

1906 அக்டோபர் 16: சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு.

1908 பிப்ரவரி 27: கோரல் ஆலை வேலைநிறுத்தம் தொடக்கம்.

1908 மார்ச் 12: கைது. மறுநாள் திருநெல்வேலி எழுச்சி.

1908 ஜூலை 7: இரண்டு ஆயுள் தண்டனைகள்.

1910 டிசம்பர்: கோயம்புத்தூரிலிருந்து கண்ணூர்ச் சிறைக்கு மாற்றம்.

1912 டிசம்பர்: விடுதலை.

1936 நவம்பர் 18: தூத்துக்குடியில் மறைவு.